பின்னறை மிஷினுக்குப் பக்கத்தில் வைத்த மாவு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்தும், மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்த சாமான் பெயர்களும்தான். வரி கோணலாகப் போகும். சொன்னதையே திரும்பவும் சொல்லிவிடுவேன். மறதியும் கூடிவிட்டது, நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிற ஆள் நான். ஆனாலும் நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி என் மருமகள் கேட்டாள். அரைப் பக்கம் போதும் என்றாள். அதைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகும் மனசு நிற்கவில்லை, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். வாயால் சொல் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருப்பது கூடலூரில். நான், என் மகன், மருமகள், இந்த மூன்று பேர்தான் வீட்டில். மகன் குமுளியில் ஒரு ஏலக்காய் குடோனில் வேலை பார்க்கிறான். காலையில் பஸ் ஏறிப் போனால் பொழுது சாயத்தான் வருவான். மருமகள் கடமலைக்குண்டுப் பெண். தேனியில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தவள். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் அவள் அங்கே, இவன் இங்கே. மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். துணியைத் துவைத்துக் காயப்போட்டு, அது காய்வதற்குள் திரும்பக் கிளம்புவாள். ஈரத் துணியை நீல நிறப் பை ஒன்றில் திணித்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.  

அப்புறம் ஒரு வழியாக வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. அதுவும் ஆறு மாதத்துக்கு. வேலை சுத்தமாக இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் பெங்களூருக்கே திரும்ப வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நீலப் பையை என் மகன் கழுவி, மடித்து, பரண்மேல் போட்டான். போடும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். நல்ல நாள் அது.

அவள் பார்க்கிற வேலை என்ன என்று எனக்கு முதலில் தெரியாது. தெருவில் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கேட்டேன்.

"ஒரு ப்ரோக்ராம் மெதுவா ஓடுதுன்னு வைங்க அத்தை," என்றாள். "எங்கன மெதுவாகுது, எதுக்கு மெதுவாகுதுன்னு பாத்துச் சொல்ல ஒரு டூல் எங்க கம்பெனில இருக்கு. அது இதுவரைக்கும் எம்புட்டு நேரமாச்சு, எம்புட்டு மெமரி தின்னுச்சுன்னு மட்டுந்தான் சொல்லும். ப்ராசஸருக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லாது. அதச் சேக்குறதுதான் எம் பொறுப்பு."

"ப்ராசஸர்னா என்ன தாயி?"

"வேல பாக்குற ஆளு. மத்ததெல்லாம் சாமான்."

அது எனக்குப் புரிந்தது. அவள் மேலும் சொன்னாள். அந்த ஆள் எத்தனை கட்டளையை முடித்தான், அதற்கு நாடி மாதிரி உள்ளே அடிக்கிற துடிப்பு எத்தனை எடுத்துக்கொண்டான், தூரத்திலிருந்து சாமான் வந்து சேரவில்லை என்று எத்தனை தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்றான், இதையெல்லாம் ப்ராசஸரே தனக்குள் எண்ணி வைத்திருக்குமாம். அந்த எண்ணிக்கைகளை எடுத்து டூலில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால், மெதுவாக ஓடுவது சோம்பலா, காத்திருப்பா என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

எனக்குத் தோட்டத்து ஞாபகம் வந்தது. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து காலேஜ் முடிக்கிற வரைக்கும் நான் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவள். விடியும் முன்னால் ஜீப்பில் ஏறினால் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்துதான் போக வேண்டும். சாயங்காலம் எடுத்த காயை எடை போடுவார்கள். ஒரு நாள் என் எடை எல்லாரையும் விடக் குறைவாக இருந்தது. எனக்கு விட்ட வரிசையில் போன மழைக்கே காய் அழுகிப் போயிருந்தது. தேடித் தேடி எடுத்ததுதான் அவ்வளவு. மேஸ்திரி தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தா சேச்சி, உறங்கிப்போயோ?" என்றார் மலையாளத்தில், தூங்கிவிட்டாயா என்று. எல்லாரும் சிரித்தார்கள். வரிசையில் காய் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. தராசு எவ்வளவு என்றுதான் சொல்லும், ஏன் என்று சொல்லாது.

"இந்த மாதிரி டூலு ஒண்ணு எங்க தோட்டத்துலயும் இருந்திருக்கலாம் தாயி," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என் பங்கு மொச்சையையும் இழுத்து வைத்து உரித்தாள்.

சோதனை பார்ப்பதற்காகக் கம்பெனியிலிருந்து தனியாக ஒரு மிஷின் அனுப்பினார்கள். கறுப்புப் பெட்டி. திரை கிடையாது. அவள் தன் லேப்டாப்பிலிருந்தே ஒயர் வழியாக அதனோடு பேசிக்கொள்வாள். ஒரே ப்ரோக்ராமை அரை மணிக்கு ஒரு தடவை, இரவும் பகலும், அதில் ஓட விட்டாள். ஒரே வேலையை ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்தால் கணக்கும் ஒரே மாதிரி வர வேண்டும். வந்தால்தான் தான் சேர்த்தது சரி என்று காட்ட முடியும் என்றாள். முன்னறையில் வைத்தால் அதன் ஃபேன் சத்தம் அவள் மீட்டிங்கில் கேட்கிறது என்று பின்னறைக்குக் கொண்டுபோய் விட்டான் என் மகன். அரிசி மூட்டை, வெங்காயக் கூடை, காலி சிலிண்டர் இவற்றோடு அதுவும் ஒரு ஓரமாக ஒரு பலகைமேல் உட்கார்ந்தது.

"அத்தை, இத மட்டும் ஆஃப் பண்ணிறாதீக. கரண்டு போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடும்."

"அதத் தொடவே மாட்டேன் தாயி."

அந்தச் சொல்லை நான் மீறவில்லை. பெட்டியை நான் தொடவில்லை.

அப்போது சாரல் தொடங்கிவிட்டது. குமுளிப் பக்கத்திலிருந்து காற்று இறங்கினால் எங்கள் ஊரில் துணியும் காயாது, மாவும் புளிக்காது. வாரத்தில் மூன்று நாள் மாவாட்டுவேன், திங்கள், புதன், வெள்ளி. கம்பளியில் சுற்றி வைத்துப் பார்த்தேன், அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்துப் பார்த்தேன். மாவு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. இட்லி தட்டையாக, கெட்டியாக வந்தது.

"அம்மா, இத அடுக்கி மாடிக்குத் தளம் போட்டுறலாம்," என்றான் மகன்.

"ஏலே, பேசாமத் தின்னுட்டுப் போ."

"பல்லு வேணும்ல திங்குறதுக்கு."

மருமகள் சிரிக்காமல் இருக்க முயன்றாள்.  அன்றைக்குச் சாயங்காலம் வெங்காயம் எடுக்கப் பின்னறைக்குப் போனபோது முழங்கால் வலி தாங்காமல் மூட்டைமேல் உட்கார்ந்தேன். மிஷினின் பின்பக்கத்திலிருந்து காற்று வந்து காலில் பட்டது. இதமான சூடு. வலிக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே மனசில்லாமல் இருந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

மாவுக் குண்டானைக் கொண்டுவந்து மிஷினுக்குப் பின்னால், பலகைமேல், அந்தக் காற்று படுகிற இடத்தில் வைத்தேன். சூடு வீணாகப் போகக் கூடாது என்று பழைய வேட்டி ஒன்றை எடுத்துக் குண்டானையும் மிஷினின் பின்பக்கத்தையும் சேர்த்துச் சுற்றிப் போர்த்தினேன். காலையில் காப்பி போட எழுந்ததும் போய்ப் பார்த்தால் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. வேட்டியை மடித்து மூட்டைமேல் வைத்துவிட்டுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"என்னம்மா, அரிசிய மாத்திட்டீகளா?" என்று மகன் ஐந்தாவது இட்லிக்குக் கையை நீட்டினான்.

"அது அப்படித்தான், ஒரு நேரம் வரும் ஒரு நேரம் வராது," என்றேன். மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. இதையெல்லாம் ஒரு விஷயமாகச் சொல்வதா என்று இருந்தது. அதற்குப் பிறகு மாவாட்டும் நாளெல்லாம் விளக்கு ஏற்றும் நேரத்தில் குண்டானைக் கொண்டுபோய் வைப்பேன், காலையில் எடுத்துவிடுவேன். மருமகள் எப்போதாவது பகலில் பின்னறைக்குப் போய் மிஷினைப் பார்ப்பாள். அப்போது அங்கே வெறும் வேட்டிதான் மடித்துக் கிடக்கும்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். மருமகள் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள். சோறு காய்ந்து போகும். மீட்டிங்கில் பேசிவிட்டு வெளியே வந்தால் முகம் வெளிறிப் போயிருக்கும். ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு நாள் மகன் வந்ததும் அவனிடம் சொன்னாள். நான் அடுப்படியில் இருந்தேன்.

"முடிச்ச கட்டளை மாறல. துடிப்பும் மாறல. ஆனா சில நாளு நேரம் மட்டும் ரொம்ப அதிகமாகுது. மேனேஜர் சொல்றாரு, கடிகாரம் தப்புச் சொல்லாது, ஒன்னோட எண்ணிக்கைதான் எங்கனயோ விட்டுப் போகுதுன்னு. எண்ணிக்கை தப்புன்னா நான் சேத்தது எல்லாமே தப்புங்க."

"சரி பண்ணிரு," என்றான் அவன்.

"எதச் சரி பண்ண? ஒவ்வொரு வரியாப் பாத்துட்டேன், தப்பு இல்ல. மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா பெங்களூருக்கே வந்து ஆபீஸ் மிஷின்ல உக்காந்து பாருன்னுட்டாரு. போனா அப்புறம் அங்கனதான்."

 மறுநாள் அவனுக்கு விடுமுறை. பரணில் ஏறி எதையோ தேடுகிற மாதிரி தேடி, அந்த நீலப் பையை இறக்கி, தூசி தட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்தான்.  வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அந்தப் பையில் இடித்தது.

அடுத்த பத்து நாளும் அவள் எழுதியதையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போனது. நான் அவளுக்குச் செய்ய முடிந்தது ஒன்றுதான் என்று நினைத்தேன், நேரத்துக்கு நல்ல இட்லி. அதனால் குண்டானை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தேன். வேட்டியை இரண்டாக மடித்துப் போர்த்தினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை கூசுகிறது.

கடைசியில் அவள் இரண்டு அளவைகளைப் புதிதாகச் சேர்த்தாள். ப்ராசஸர் அந்த நேரத்தில் என்ன வேகத்தில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது என்பவை. இதை முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும், சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சேர்த்து ஒரு வாரம் ஓட விட்டாள். அந்தப் புதன்கிழமை மகனுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் இருந்தான். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவனிடம் காட்டினாள். நான் காப்பி கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்றேன்.

திரையில் ஒரு கோடு மேடாக ஏறி இறங்கியது. அதற்குக் கீழே இன்னொரு கோடு பள்ளமாகப் போனது.

"சூடு ஏறுது, வேகம் எறங்குது," என்றாள். "கருகிப் போகாம இருக்கணும்ல, அதுக்காக ப்ராசஸரே தன் வேகத்தக் கொறச்சுக்குது. துடிப்பு அதே எண்ணிக்கைதான், ஒவ்வொரு துடிப்பும் மெதுவா வருது. அதான் நேரம் கூடியிருக்கு. எண்ணிக்கை சரிங்க. நான் சேத்தது சரி."

"அப்புறம் என்ன. அத அப்படியே மேனேஜருக்கு அனுப்பு."

"எதுக்குச் சூடாகுதுன்னு கேப்பாருல்ல? ஒரே வேலையப் பாத்துக்கிட்டுக் கெடக்குற மிஷினு எதுக்கு ஒரு நா விட்டு ஒரு நா காயணும்? சாயங்காலம் ஏறுது. காலைல சொல்லி வச்ச மாதிரி எறங்குது. காரணம் இல்லாம நம்பர மட்டும் நீட்டுனா, இப்ப சூட்டையும் தப்பா அளக்குறியான்னுதான் கேப்பாரு."

மகன் யோசித்தான். "லோ வோல்டேஜா இருக்கும். பின்னாடி தோட்டத்துக்காரருக்கு ஒரு நா விட்டு ஒரு நாதான மொறத் தண்ணி. மோட்டார் போடுவாக. நாளைக்கு அவருகிட்டக் கேக்குறேன்."

எனக்கு அந்த மேடுகளின் மேலேயே கண் இருந்தது. "இது என்ன கெழம தாயி?" என்று விரலை வைத்துக் கேட்டேன்.

"திங்க. அடுத்தது புதன். இது வெள்ளி. ஞாயித்துக்கெழம ஒண்ணுமே இல்ல பாருங்க, சுத்தமாப் படுத்துருச்சு."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறியும் சப்பாத்தியும். மாவு கிடையாது.

 காப்பியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். கிரைண்டரில் அன்றைய அரிசி ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி மிஷினை நான் கெடுத்துவிட்டேனோ என்று முதலில் பயந்தேன். அப்புறம், என்னால்தான் இவள் போகப் போகிறாள் என்று. போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன். எத்தனை வருஷத்துப் பழக்கம். எடை குறைந்தபோதும் பேசாமல் நின்றவள்தானே.

அன்று சாயங்காலம் மாவைப் பின்னறைக்குக் கொண்டுபோகவில்லை. கம்பளியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். இனிமேல் வைக்காவிட்டால் சூடு ஏறாது, எல்லாம் தானே சரியாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று என் புத்தி போனது.

காலையில் மாவு பொங்கவில்லை. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றி எடுத்தேன். மகன் தோட்டத்துக்காரரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "எம் மோட்டார் ஓடுனா ஒங்க வீட்டுல என்னடா வேகுதுன்னு கேக்குறாரு. நேத்தும் ஓட்டுனாராம்."

"நேத்து ஓட்டுனாரா?" என்று மருமகள் லேப்டாப்பை மூடினாள். "நேத்து சூடே ஏறல. புதன்கெழம ஏறணும், ஏறல. அப்ப வோல்டேஜும் இல்ல." அவள் குரல் இறங்கிவிட்டது. "இப்ப பிரச்சினையும் போயிருச்சு, காரணமும் போயிருச்சு. என்னத்தச் சொல்லப் போறேன்? பேசாம நானே வந்துறேன்னு எழுதிப் போட்டுறலாம்னு இருக்கு."

மகன் தலையைக் குனிந்து இட்லியைப் பிய்த்தான். பிய்யவில்லை. "என்னம்மா, மறுபடியும் தளமா?"

"மாவு பொங்கல," என்றேன்.

"இம்புட்டு நாளு நல்லாத்தான வந்துச்சு?" என்றாள் மருமகள், எங்கோ பார்த்துக்கொண்டு.

"நேத்து அங்கன வைக்கல தாயி."

"எங்கன?"

 "பின்னறைல. அந்த மிஷினுக்குப் பின்னாடி. சூடு வருதுன்னு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். 

"எந்தெந்த நாளு அத்தை?"

"மாவாட்டுற நாளு. திங்க, புதன், வெள்ளி."

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். நானும் போனேன். குண்டானை எங்கே வைத்தேன், வேட்டியை எப்படிச் சுற்றினேன் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். அவள் மிஷினின் பின்பக்கத்துச் சல்லடையில் கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். 

"பத்து நாளு அத்தை," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பத்து நாளு எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன். நேத்து அந்தக் கோட்டப் பாத்தப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சுருச்சுல்ல?"

"தெரிஞ்சுச்சு."

"அப்பவே சொல்லலாம்ல."

"சொல்லலாம். வாய் வரல தாயி."

மகன் வாசலில் நின்றான். "மாவு பொங்கி மிஷினுக்குள்ள வழிஞ்சிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?" என்றான்.  நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகள் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து மூட்டையில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். ஃபேன் காற்று எங்கள் இருவர் காலிலும் பட்டது.

பிறகு அவள் கேட்டாள், "எந்நேரம் வைப்பீகன்னு நெனவிருக்கா?"

"வெளக்கு ஏத்துற நேரம்."

"மேனேஜர் கேட்டா வெளக்கு ஏத்துற நேரம்னு சொல்லவா?" என்றாள். சிரிப்பு வரவில்லை அவளுக்கு, ஆனாலும் கேட்டாள். எழுந்து போய் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இன்னும் நாலு நாளைக்கு நான் சொல்ற மாதிரி வைங்க. வச்ச மணி, எடுத்த மணி, ரெண்டும் நீங்களே எழுதணும். நான் இந்தப் பக்கமே வர மாட்டேன். நீங்க எழுதுனதும் டூல் சொல்றதும் ஒண்ணா வந்தா அதுக்கு மேல எனக்கு சாட்சி வேண்டாம்."

முதல் நாள் வெறும் வேட்டி மட்டும். இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, மாவுக் குண்டான் மட்டும், போர்வை இல்லாமல். மூன்றாம் நாள் மாவு இல்லை, குண்டானில் அதற்குப் பதில் தண்ணீர், அதற்கு மேல் வேட்டி. நான்காம் நாள் ஒன்றும் இல்லை. முன்னறைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நோட்டை எடுக்கப் போவதற்குள் மணி மறந்துவிடும், அதனால் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வந்து நோட்டில் ஏற்றினேன். நடக்க நடக்க முழங்கால் வீங்கியது. இந்த வயசில் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. தப்பாக எழுதிவிட்டால் அவள் போய்விடுவாள் என்ற பயம் வேறு.

அந்த நாட்களில் ஒரு விஷயம் மனசில் ஓடியது. தோட்டத்தில் கடைசி இரண்டு வருஷம் என்னால் பழைய வேகத்தில் எடுக்க முடியவில்லை. உச்சி வெயிலில் நானே கையை மெதுவாக்கிக்கொள்வேன். விழுந்துவிடக் கூடாது, சாயங்காலம் ஜீப்பில் ஏற வேண்டும் என்று. அதை ஏமாற்று என்று மேஸ்திரி சொன்னார். நானும் அது ஏமாற்றுதானோ என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மருமகள் என் நோட்டைப் படம் எடுத்து, கிராஃபோடு சேர்த்து அனுப்பினாள். அன்று மத்தியானமே மேனேஜர் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நான் அரிசி களைந்தபடி இருந்தேன். எத்தனை தண்ணீர் ஊற்றினேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தாள்.

"ஒத்துக்கிட்டாரு அத்தை. எண்ணிக்கை சரின்னுட்டாரு. வேகம் வெறும் வேட்டிக்குக் கொஞ்சம், வெறும் குண்டானுக்குக் கொஞ்சம், ரெண்டும் சேந்தா முழுசா எறங்குது. நீங்க எழுதுன மணியும் அதுவும் பக்கத்துல பக்கத்துல வருது."

"அப்ப நீ போக வேண்டாம்ல?"

"இன்னும் மூணு மாசம் பாக்கலாம்னாரு."

"மூணு மாசந்தானா?"

"அவுக அப்படித்தான். மூணு மூணா நீட்டுவாக." சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்தாள். "சூட்டுனால வேகம் கொறஞ்சா டூலே முன்னாடி வந்து சொல்ற மாதிரி ஒண்ணு சேக்கச் சொன்னாரு. அத நான் பாத்துக்கிறேன். நடந்தது என்னன்னு அந்த ரூம்ல இருந்தவுக எழுதிக் குடுத்தா ஃபைல்ல வைக்கணுமாம். நீங்க தமிழ்ல எழுதுங்க, நான் மாத்திக் குடுத்துக்கிறேன்."

"திட்டுனாரா என்னய?"

"கையெழுத்து நல்லா இருக்குன்னாரு."

அது பொய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டேன்.

அன்று திங்கள், மாவாட்டும் நாள். அன்றிலிருந்து குண்டானைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, பின்பக்கம் ஒட்டி வைக்கிறேன். அங்கேயும் லேசாகச் சூடு வரும், ஆனால் துணி போர்த்தக் கூடாது என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். இட்லி சுமாராக வருகிறது. மகன் இப்போது கேலி செய்வதில்லை. நீலப் பையைப் பரணில் ஏற்று என்று நான் இரண்டு தடவை சொன்னேன். மூன்று மாதம் போகட்டும் என்கிறான். இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது, பெருக்கும்போது இடிக்கிறது.

இதில் ஒன்று பாக்கி. மூன்றாம் நாள் தண்ணீர்க் குண்டானை எடுத்த நேரத்தை ஆறு மணி என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். ஐந்தரைக்கே எடுத்துவிட்டு, காப்பி குடித்த பிறகு எழுதினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. முதல் நாள் வேட்டியை ஒரு மடிப்பாகப் போர்த்தினேனா, இரண்டு மடிப்பா என்பதும் நினைவில் நிற்கவில்லை. ப்ராசஸர் பற்றி நான் எழுதியிருப்பதும் மருமகள் சொன்னது என் காதில் விழுந்த அளவுக்குத்தான். அவளோ, இந்த வேலை தெரிந்த வேறு யாராவதோ, என் நோட்டையும் அந்தக் கிராஃபையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்து, தப்பான இடத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒத்து வராவிட்டால் கிராஃபில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.